கையில் இருக்கும் செல்போன் வீட்டுக்குக் காவலாகட்டும்

(காரைக்குடியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நம்முடைய கூட்டங்களில் வழக்கமாக எதைப் பேசுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். இட ஒதுக்கீடு, வக்ஃபு சொத்து, வாக்காளர் பட்டியல், கடைத்தெருவின் கஷ்ட நஷ்டங்கள் என்று பேசுவோம். அவையெல்லாம் பேசப்பட வேண்டியவைதான். ஆனால் இன்று உங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி, அடுப்படிக்கும் குளியலறைக்கும் உங்களை அழைத்துப் போகப் போகிறேன். அங்கே பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். இந்தச் சமுதாயத்தின் அடுத்த தலைமுறை தவழ்ந்து விளையாடுகிற இடம் அதுதான். அந்த இடம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்காமல் எதிர்காலத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

ஒரே வாரத்தில் இரண்டு மரணங்கள்

2019 அக்டோபர் 25. திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றுக்குள் 2 வயது ஆண் குழந்தை விழுந்தது. நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தது. சாதி, மதம் பாராமல் எல்லோரும் அந்தக் குழந்தைக்காகப் பிரார்த்தித்தார்கள். 80 மணி நேரத்துக்கு மேல் போராடியும் 29ஆம் தேதி அதிகாலையில் உயிரற்ற உடலைத்தான் மீட்க முடிந்தது. இதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அதே நாட்களில் நடந்த இன்னொன்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? தூத்துக்குடியில் ஒரு வீடு. அங்கும் 2 வயதில் ஒரு பெண் குழந்தை. பெற்றோர் மணப்பாறை மீட்புப் பணியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ பெற்ற பிள்ளைக்காக அவர்கள் மனம் பதறிக்கொண்டிருந்த நேரத்தில், அவர்களுடைய பிள்ளை குளியலறைப் பக்கம் நடந்து போனது. தேடிப் போனபோது தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. உயிர் இல்லை.

முதல் மரணத்துக்கு இயந்திரங்கள் வந்தன, அமைச்சர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன. ஆழ்துளைக் கிணறுகளை மூடுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிகாட்டு நெறிகள் வகுத்திருக்கிறது. இரண்டாவது மரணத்துக்கு யாரும் வரவில்லை. உங்கள் குளியலறைத் தொட்டியை மூடச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவு போடப் போவதில்லை. அதை நீங்கள்தான் மூட வேண்டும்.

அந்தப் பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்று அவர்கள் செய்ததைத்தான் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் எல்லோரும் செய்துகொண்டிருந்தார்கள். அன்று தொலைக்காட்சி, இன்று செல்போன். பார்வையை இழுக்கும் பெட்டி சுவரிலிருந்து உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அந்தப் பெட்டியைக் கொண்டே குழந்தையைக் காக்க வழி உண்டா என்பதுதான் இன்றைய பேச்சு.

விதி என்று சொல்லி விட்டுவிடலாமா?

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 2008இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. உலகம் முழுவதும் விபத்துக் காயங்களால் நாள் ஒன்றுக்கு 2,000க்கும் அதிகமான குழந்தைகள் இறக்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. தண்ணீரில் மூழ்குவது, தீப்புண், விழுவது, விஷம், சாலை விபத்து ஆகியவைதான் பெரிய காரணங்கள். 2024இல் வந்த இன்னொரு அறிக்கையின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை.

மலேரியா வந்தால் கொசுவைத் தேடுகிறோம். காலரா வந்தால் குடிநீரைச் சோதிக்கிறோம். குழந்தை வாளியில் விழுந்தால் மட்டும் "அவ்வளவுதான் ஆயுசு" என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கவும், பாத்திரங்களை மூடி வைக்கவும் நமக்கு நபிமொழியில் அறிவுரை இருக்கிறது. எலி திரியை இழுத்துப் போய் வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்ற காரணமும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்து முன்கூட்டியே அதை அகற்று என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல.

செயலி என்ன செய்யும்?

செல்போனில் வங்கிக்கு ஒரு ஆப், ரயில் டிக்கெட்டுக்கு ஒரு ஆப் வைத்திருக்கிறீர்கள். அதே போல வீட்டில் குழந்தைகளுக்கு அடிபடாமல் காக்கவும் வெளிநாடுகளில் செயலிகள் செய்து, பயன் உண்டா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர்களின் துணையோடு, ஒரு காப்பீட்டு நிறுவனம் 2015இல் 'மேக் சேஃப் ஹேப்பன்' என்ற செயலியை வெளியிட்டது. குழந்தையின் வயதையும் வீட்டின் அறையையும் சொன்னால், அந்த வயதில் அந்த அறையில் என்ன ஆபத்து, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் தரும். செய்து முடித்ததற்கு நேரே குறி போட வேண்டும். மீதி வேலையை நினைவூட்டும். அதைப் பயன்படுத்திய பெற்றோரின் அறிவும், வீட்டில் அவர்கள் செய்த பாதுகாப்பு ஏற்பாடுகளும் கூடியதாக ஆய்வில் தெரிந்தது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 'கூல் ரன்னிங்ஸ்' என்று ஒன்று. சூடான தேநீரும் காபியும் குழந்தை மேல் கொட்டுவதைத் தடுப்பது மட்டுமே அதன் நோக்கம். கைக்குழந்தை உள்ள சுமார் 500 தாய்மாரிடம் சோதித்தார்கள். சிறு சிறு செய்தி, படம், விளையாட்டு என்று 6 மாதம் அனுப்பினார்கள். வெந்நீர்க் காயம் பற்றியும் முதலுதவி பற்றியும் அந்தத் தாய்மார் நன்றாகத் தெரிந்துகொண்டார்கள்.

சீனாவின் சாங்ஷா நகரில் மழலையர் பள்ளிக் குழந்தைகளின் பெற்றோரிடம் ஒரு செயலியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வெளிவந்தது. பெற்றோரின் கவனமும் பழக்கமும் மேம்பட்டன. ஆனால் காயங்களின் எண்ணிக்கை குறிப்பிட்டுச் சொல்லும்படி குறையவில்லை.

இந்த மூன்றாவது முடிவை நீங்கள் நன்றாக மனதில் வைக்க வேண்டும். செயலி சொல்லும், செய்யாது. வாளியைக் கவிழ்த்து வைக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை யாருடையது என்பதை வீட்டில் உள்ளவர்கள் பேசி முடிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் செயலி எதற்கு? ஒரு காரியத்தில் அது நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமானது. குழந்தை வளர வளர ஆபத்து இடம் மாறுகிறது. தவழும் பிள்ளைக்கு ஆபத்து தரையில் கிடக்கிறது. பிடித்து நிற்கும் பிள்ளைக்கு மேசை விளிம்பில் இருக்கிறது. நடக்கும் பிள்ளைக்குக் குளியலறையில், ஏறும் பிள்ளைக்கு மாடியில். மூன்று பிள்ளைகளையும் மாமியார் மாமனாரையும் கவனிக்கிற ஒரு தாய்க்கு, "இந்த மாதம் இவன் எழுந்து நிற்பான், மேசைத் துணியைப் பிடித்து இழுப்பான்" என்று யார் நினைவூட்டுவது? பிறந்த தேதியை ஒரு முறை சொல்லி வைத்தால் செல்போன் மறக்காது.

நம் வீட்டுக்கு நம் பட்டியல்

வெளிநாட்டுச் செயலியைத் திறந்தால் நீச்சல் குளம், குளிர் காயும் அடுப்பு, கார் இருக்கை என்று வரும். நம் வீட்டில் இருப்பது வேறு. செட்டிநாட்டுச் சீமையில் நமக்கு வேண்டிய பட்டியலை நாம்தான் எழுத வேண்டும். இப்போது ஒவ்வோர் அறையாகப் போவோம். உங்கள் வீட்டை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதலில் தண்ணீர். இது வானம் பார்த்த பூமி. தண்ணீரைச் சேமிப்பது நம் இரத்தத்தில் ஊறிய பழக்கம். குடம், அண்டா, பிளாஸ்டிக் டிரம், தரைக்குக் கீழே சம்ப் என்று வீடு நிறையத் தண்ணீர் வைத்திருப்போம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால், கையை ஊன்றி எழுந்திருக்கத் தெரியாது. கத்தவும் முடியாது. சத்தமே இல்லாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மூக்கும் வாயும் மூழ்குகிற அளவு தண்ணீர் போதும். ஆகவே குளித்து முடித்ததும் வாளி கவிழ வேண்டும். டிரம்முக்கும் சம்ப்புக்கும் குழந்தையால் திறக்க முடியாத மூடி வேண்டும். குளியலறைக் கதவுக்கு மேல் பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது செல்போன் அடித்தால் அடிக்கட்டும், எடுக்கப் போகாதீர்கள்.

அடுத்தது அடுப்படி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழம்பு கிளறுவது, கொதிக்கும் உலையைத் தரையில் இறக்கி வைப்பது, தேநீர்க் குவளையை விளிம்பில் வைப்பது, இவைதான் காயத்துக்கு வாசல். பெரியவர்களுடைய தோலைவிடக் குழந்தையின் தோல் மெல்லியது. நமக்குச் சுள்ளென்று இருக்கும் சூடு, அதற்கு ஆழமான புண்.

நோன்பு மாதத்தை நினைத்துப் பாருங்கள். மாலையில் பள்ளிவாசலில் கஞ்சி. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி ஊற்றுகிற அண்டாவுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள்? தூக்குவாளியோடு சிறுவர்கள்! தள்ளுமுள்ளு நடப்பதும் அங்கேதான். வாளியில் மூடி சரியாக இருக்காது. தெருவில் ஓடி வருவார்கள். சைக்கிளில் மாட்டிக்கொண்டும் வருவார்கள். இந்த ஒன்றை ஜமாஅத்தே நாளைக்கு மாற்றிவிடலாம். கஞ்சி வாங்கப் பெரியவர்கள் வரட்டும். வரிசை அண்டாவிலிருந்து எட்டி நிற்கட்டும். மூடியில்லாத பாத்திரத்தில் ஊற்ற மாட்டோம் என்று அறிவியுங்கள். அந்த அறிவிப்பை முஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் நோன்புக்கு முந்தின நாள் போடுங்கள். அதைவிட நல்ல செயலி உண்டா?

சூடு பட்டுவிட்டால் என்ன செய்வது? குழாயில் ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மை, முட்டை, வெண்ணெய் எதையும் தடவக் கூடாது. ஐஸ் வைக்கக் கூடாது. வளையல், மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்ற வேண்டும். சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

மூன்றாவது விஷம். மண்ணெண்ணெய், ஆசிட், பினாயில், தின்னர் எல்லாவற்றையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கிறோம். குழந்தைக்குத் தெரிந்தது பாட்டிலின் வடிவம்தான். உள்ளே இருப்பது என்னவென்று அதற்குத் தெரியுமா? எலி பேஸ்ட்டில் கலக்கப்படும் மஞ்சள் பாஸ்பரஸ் மிகக் கொடியது. முதல் நாள் பிள்ளை நன்றாக இருப்பது போலத் தெரியும். சில நாட்களில் கல்லீரல் செயலிழக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைக்கப்பட்ட எலி மருந்தின் நஞ்சு பரவி இரண்டு குழந்தைகள் இறந்தன. பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மண்ணெண்ணெயோ ஆசிட்டோ குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்; ஆசிட் இறங்கிய வழியையெல்லாம் மறுபடியும் பொசுக்கும்.

நான்காவது, விழுங்கும் பொருள். நம் ஊரிலே சிக்ரி என்று அழைக்கப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கி வருகிறது. பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்கிற இடம். அந்தப் பாடத்தை ஒரு வரியில் சொல்கிறேன். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கினால், ஈரத்தின் வழியே மின்சாரம் ஓடி அங்கே காரம் உண்டாகிறது. 2 மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். ஆகவே "நாளைக்கு மலத்தோடு வந்துவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வேர்க்கடலை, புளியங்கொட்டை, சப்போட்டா விதை ஆகியவை மூச்சுக் குழாயில் சிக்கும். 4 வயது வரை முழுக் கடலையைக் கையில் கொடுக்காதீர்கள்.

ஐந்தாவது, விழுதல். நியூயார்க் நகரம் 1976இல் குழந்தைகள் உள்ள அடுக்குமாடி வீடுகளின் சன்னலுக்குத் தடுப்புக் கம்பியைக் கட்டாயமாக்கியது. செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் சன்னல் தோறும் இரும்புக் கம்பி பதித்து வைத்தார்கள் நம் ஊர்க் கொத்தர்களும் தச்சர்களும். புதிதாகக் கட்டும் வீட்டில் அழகுக்காக அந்தக் கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி போடுகிறோம். மாடிப்படிக்குத் தடுப்பு உண்டா, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் குழந்தை ஏற முடியாத உயரமா, ஆத்தங்குடிக் கல் பதித்த முற்றம் மழையில் நனைந்தால் வழுக்குமா என்று பாருங்கள். சக்கரம் வைத்த வாக்கரில் பிள்ளையை உட்கார வைப்பது பெருமையாக இருக்கிறது. அந்த வாக்கரை விற்கக் கூடாது என்று கனடா 2004இல் தடை செய்துவிட்டது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம் என்பதே காரணம்.

கடல் கடந்து இருக்கும் அத்தாக்களுக்கு

நம் வீடுகளில் ஒரு தனி நிலைமை உண்டு. பல வீடுகளில் அத்தா துபாயில் இருப்பார், கோலாலம்பூரில் இருப்பார், சிங்கப்பூரில் இருப்பார். வீட்டில் தாயும் நன்னியும் பிள்ளைகளும். தினமும் இரவு வீடியோ காலில் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். "அத்தாவுக்கு முத்தம் கொடு" என்பார். கண் கலங்கும், போனை வைத்துவிடுவார்.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரரே, இதைப் படித்தால் உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை விடுப்பு நாளாக இருந்தால் அன்றே, முகத்தைக் காட்டச் சொன்ன பிறகு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். செல்போனைத் தூக்கி நம் இடுப்பு உயரத்தில் அல்ல, பிள்ளையின் முழங்கால் உயரத்தில் பிடித்து நடக்கச் சொல்லுங்கள். குழந்தை பார்க்கிற உலகம் அப்போது உங்களுக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் மாத்திரை கிடக்கும். பிளக் துளை கண்ணுக்கு நேரே இருக்கும். தொங்கும் இஸ்திரிப் பெட்டியின் ஒயர் கைக்கு எட்டும். ஒரு வாரம் அடுப்படி, அடுத்த வாரம் குளியலறை, அதற்கடுத்து மாடி. அதைக் குறை கண்டுபிடிக்கும் விசாரணையாக ஆக்கிவிடாதீர்கள். "நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று கேட்காமல், "இந்தத் தாழ்ப்பாளுக்குப் பணம் அனுப்புகிறேன், மச்சானை வைத்து மாட்டச் சொல்" என்று சொல்லுங்கள். தூரத்தில் இருந்தும் தகப்பன் தகப்பனாக இருக்கலாம்.

வணிகப் பெருமக்களே!

உங்கள் கல்லாப் பெட்டிக்கும் இதில் பங்கு உண்டு. ஆசிட்டைப் பழைய தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். ஆசிட் விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013லேயே கடுமையான கட்டுப்பாடு விதித்திருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். எலி பேஸ்ட்டை மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். முத்திரை இல்லாத சரக்கு மலிவாக வருகிறது என்று வாங்கி அடுக்காதீர்கள். பேட்டரி அறைக்குத் திருகாணி இல்லாத பொம்மையைத் திருப்பி அனுப்புங்கள்.

மூடி என்ற சிறு பொருளின் பெருமையைக் கேளுங்கள். 1970இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. மருந்துப் பாட்டிலின் மூடி குழந்தையால் திறக்க முடியாததாக இருக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு மாத்திரை விழுங்கி இறக்கும் சிறு பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. தாய்மார்களின் கவனம் ஒரே நாளில் கூடிவிட்டதா? இல்லை. மூடி மாறியது. அலமாரிப் பூட்டு, படிக்கட்டுத் தடுப்பு, பிளக் மூடி, டிரம் மூடி ஆகியவற்றைத் தேடி வருகிறவர்களுக்கு நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும்படி வாங்கி வையுங்கள். இது லாபமும் தரும், துஆவும் தரும்.

இளைஞர்கள் செய்ய வேண்டியது

அழகப்பர் உருவாக்கிய கல்வி நிலையங்கள் சூழ்ந்த ஊர் இது. கணினி படித்த பிள்ளைகள் இங்கே தெருத் தெருவாக இருக்கிறார்கள். அமெரிக்காக்காரன் செய்தான், சீனாக்காரன் செய்தான் என்று கேட்டுக் கைதட்டிவிட்டுப் போகாதீர்கள். நம் வீட்டுக்கு ஏற்ற சிறிய செயலி ஒன்றைத் தமிழில் நீங்கள் செய்யலாம். பிறந்த தேதி, அறை, பட்டியல், குறி, நினைவூட்டல். இவ்வளவுதான் அதன் உறுப்புகள். பட்டியலை ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் நன்னிக்கும் புரியும்படி ஒவ்வொன்றையும் பேசும் குரலில் பதிவு செய்யுங்கள். பல மாநிலங்களில் மத்திய அரசின் 'கில்காரி' திட்டம் 2016 முதல் கர்ப்பிணிகளுக்கும் இளம் தாய்மாருக்கும் குரல் செய்தியாகத்தான் சுகாதாரத் தகவலை அனுப்புகிறது. சாதாரண போன் போதும் அதற்கு.

செயலி தயாராகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு குரல் செய்தி, ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல், அனுப்புங்கள். "இந்த வாரம் வாளி." "இந்த வாரம் மாத்திரை டப்பா." செய்து முடித்த வீட்டார் ஒரு குறி அனுப்பட்டும். குறி வராத வீட்டுக்கு ஒரு முறை அன்போடு போன் செய்யுங்கள். மின்விசிறிக்கு ஆள் கூப்பிட முடியாத முதியவர்கள், கணவனை இழந்த சகோதரிகள் வீட்டில் தாழ்ப்பாளை நீங்களே போய் மாட்டிக் கொடுங்கள். சாங்ஷாவில் செயலி தனியாக நின்றது. உங்கள் செயலிக்குப் பின்னால் ஒரு முஹல்லா நிற்கட்டும்.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைப் பாதுகாப்பு என்ற பெயரில் உங்கள் தொடர்பு எண்கள், இருப்பிடம், புகைப்படங்கள் அனைத்தையும் கேட்கும் செயலியை நம்பாதீர்கள். பட்டியல் தருவதற்கு அவை எதற்கு? தீப்புண்ணுக்குப் பற்பசை, விஷத்துக்கு உப்புத் தண்ணீர் என்று சுற்றி வரும் செய்திகளை மறு அனுப்பல் செய்யாதீர்கள். அழும் பிள்ளையை அடக்கப் போனைக் கையில் கொடுத்துவிட்டு, அதைப் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள்.

கண்ணுக்கு மாற்று இல்லை

நம் அண்டை நாடான வங்காளதேசத்தில் குளமும் குட்டையும் அதிகம். அங்கே 1 முதல் 5 வயதுக் குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பது பெருந்துயரம். தாய்மார் வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் காலை நேரத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது என்று கண்டார்கள். கிராமத்துப் பெண் ஒருவரிடமே பயிற்சி கொடுத்து, காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை சிறு பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். 'ஆஞ்சல்' என்று அதற்குப் பெயர். அந்தப் பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பார்த்துக்கொள்ள ஒரு பெரிய மனுஷி இருந்தாள், அவ்வளவுதான்.

ஆகவே எல்லாச் சுமையையும் தாயின் தலையில் கட்டாதீர்கள். சமையல் அவள், துவையல் அவள், பிள்ளை அவள் என்றால், எந்தச் செயலியும் அவளுக்கு மூன்றாவது கண் தராது. கடை அடைத்து வரும் அத்தா அரை மணி நேரம் பிள்ளையைப் பார்க்கட்டும். அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்புங்கள். பக்கத்து வீட்டார் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்று இரவே

பேச்சைக் கேட்டுவிட்டு, "நல்ல பேச்சு" என்று சொல்லிக் கலைந்து போவது நம் வழக்கம். இன்று அப்படிப் போகாதீர்கள். வீட்டுக்குப் போனதும் நான்கு காரியம் செய்யுங்கள்.

குளியலறையில் நிற்கிற தண்ணீரைக் கொட்டி வாளியைக் கவிழுங்கள்.

பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கும் மண்ணெண்ணெய், ஆசிட், எலி மருந்து, மாத்திரை எல்லாவற்றையும் உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

வீட்டில் உள்ள எல்லோருடைய போனிலும் இரண்டு எண்களைப் பதிந்து வையுங்கள். ஒன்று 108 ஆம்புலன்ஸ். மற்றொன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. நன்னியின் பொத்தான் போனிலும் பதியுங்கள். ஆபத்து வரும்போது வீட்டில் இருப்பது பெரும்பாலும் அவர்தான்.

கடைசியாக, உங்கள் கடைசிப் பிள்ளையின் பிறந்த தேதியை எண்ணிப் பாருங்கள். அவன் இப்போது தவழ்கிறானா, நிற்கிறானா, ஏறுகிறானா? அடுத்த மாதம் அவன் கை எந்த உயரத்துக்கு எட்டும்? அந்த உயரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிட்டுப் படுங்கள். அடுத்த மாதம் அது அடிக்கும்போது அணைத்துவிடாதீர்கள். எழுந்து போய் அந்தப் பொருளை எடுத்து வையுங்கள்.